பின்னல் வலை: பிறப்பும் பிழைப்பும்

மலாக்கா மாநிலத்துத் தோட்டங்களில் முற்காலத்தில் செய்தி பரவிய விதத்தை அறிந்தவர்க்கு, இக்காலத்துக் கம்பியில்லாப் பின்னல் வலையின் தத்துவம் முற்றிலும் புதியதன்று. 1896ஆம் ஆண்டில் தான் சாய் யான் என்னும் சீனப் பெருமகனார் புக்கிட் லிந்தாங்கில் ரப்பரை வாணிகப் பயிராக நட்டார். அடுத்துப் புக்கிட் அசகானில் பெருந்தோட்டம் எழுந்தது. மலாயாவின் ரப்பர்த் தோட்ட வரலாறு இம்மண்ணில்தான் தொடங்கியது என்க. அத்தோட்டங்களுக்கு வந்து சேர்ந்த தமிழ்த் தொழிலாளர் குடியிருந்தது நீண்ட லயங்களில். பலகைத் தடுப்புக்கு இப்பால் ஒரு குழந்தை இருமினால் அப்பால் படுத்திருப்பவருக்குக் கேட்கும். நள்ளிரவில் ஒரு வீட்டில் யாருக்கேனும் உடல்நலம் கெட்டால், அவ்வீட்டார் தாமே மருந்தகம் வரை ஓடவேண்டியதில்லை. அண்டை வீட்டுப் பலகையைத் தட்டினால் போதும். அண்டை வீட்டார் அதற்கடுத்த வீட்டைத் தட்டுவர். இடையில் ஒரு வீடு பூட்டிக் கிடந்தால் செய்தி பின்புறமாகச் சுற்றி எதிர் லயத்தின் வழியே போகும். டிரெசர் வீட்டுக்கு ஓர் ஆள் ஓடுவார். கிராணி வீட்டுக்கு இன்னோர் ஆள் ஓடுவார். ஒருவர் போய்ச் சேராவிட்டாலும் மற்றவர் போய்ச் சேருவார்.

அந்த லயங்கள் நிலைக்கவில்லை. 1951 முதல் 1960 வரை நடந்த தோட்டத் துண்டாடலை ஆராய்ந்து உங்கு அப்துல் அசிஸ் எழுதிய நூல் 1962இல் வெளிவந்தது. அதற்குப் பின்னரும் தோட்டங்கள் கைமாறின; ரப்பர் போய்ச் செம்பனை வந்தது; பால்மரக் காடாக இருந்த இடங்கள் பல வீடமைப்புப் பகுதிகளாயின. தோட்டத்தை விட்டு வந்த குடும்பங்கள் இன்று டுரியான் துங்கலிலும் அலோர் காஜாவிலும் ஜாசினிலும் மெர்லிமாவிலும் செங்கற்சுவர் எழுப்பிய வரிசை வீடுகளில் வாழ்கின்றன. பிள்ளைகள் சிங்கப்பூருக்கோ ஜொகூர் பாருவுக்கோ கோலாலம்பூருக்கோ பிழைக்கப் போய்விட, இரும்புக் கதவைப் பூட்டிக்கொண்டு தாயார் மட்டும் தனித்திருக்கும் வீடுகள் பல. அண்டை வீட்டார் நல்லவர்தாம். ஆனால் செங்கற்சுவரைத் தட்டினால் அவருக்குக் கேளாது.

இக்குறையை நிரப்பவே பிள்ளைகள் பல கருவிகளை வாங்கி மாட்டுகின்றனர். கழுத்தில் தொங்கவிட்டு, ஆபத்தில் அமுக்கும் பொத்தான். புகை கண்டால் அலறும் கருவி. கதவு திறந்ததைச் சொல்லும் கருவி. இரவில் எழுந்து நடந்தால் தானே எரியும் விளக்கு. இவற்றையெல்லாம் ஒன்றோடொன்று கம்பியின்றிப் பேசவைக்கும் ஏற்பாட்டுக்குத் திறன் இல்லம் என்று பெயர் வழங்குகிறது. இதில் ஓர் அபாயம் உண்டு. கெட்டுப்போன மணிக்கூண்டு ஊரார் கண்ணில் படும். கெட்டுப்போன பொத்தானோ, அமுக்கும் நாள் வரையில் நல்ல பொத்தானைப் போலவே தொங்கிக்கொண்டிருக்கும். ஆகவே, இத்தகைய வலை எதனால் நிலைக்கிறது, எதனால் அறுகிறது என்பதை அதன் வரலாற்றிலிருந்தே அறிவது பயனுடைத்து.

மீன்வலையைக் கண்ட அறிஞர்

பின்னல் வலை என்னும் கருத்துக்குத் தெளிவான வடிவம் தந்தவர் பால் பாரன். 1926இல் அன்றைய போலந்து நாட்டில் பிறந்து, குழந்தைப் பருவத்திலேயே பெற்றோருடன் அமெரிக்கா சென்றவர். ராண்ட் என்னும் ஆராய்ச்சி நிறுவனத்தில் அவர் பணிபுரிந்த காலம் அணுகுண்டு அச்சம் உலகை ஆட்டிய காலம். நடுவிலுள்ள ஒரு தொலைபேசி நிலையம் அழிந்தால் நாடு முழுதும் ஊமையாகிவிடுமே என்பது அவரை வாட்டிய கேள்வி.

அவர் 1964இல் வெளியிட்ட ஆய்வேடுகளில் வலைகளை மூவகையாகப் பிரித்தார். ஒன்று, வண்டிச்சக்கரத்தின் குடத்தில் ஆரக்கால்கள் கூடுவதுபோல் எல்லாக் கம்பிகளும் ஒரே நடுவிடத்தில் கூடும் வலை. இரண்டாவது, பெரிய குடம் ஒன்றுக்குப் பதிலாகச் சிறிய குடங்கள் பல உள்ள வலை. மூன்றாவது, நடுவிடம் என்பதே இல்லாமல் ஒவ்வொரு முடிச்சும் அண்டை முடிச்சுகளோடு மட்டும் பிணைந்திருக்கும் வலை. மீன்வலையைக் கண்டவர்க்கு இதற்குப் படம் வேண்டுவதில்லை. எல்லா முடிச்சுகளையும் இணைக்க வேண்டிய மிகக் குறைந்த கம்பியைப்போல் மூன்று அல்லது நான்கு மடங்கு கம்பி இருந்தாலே, பல முடிச்சுகள் அழிந்த பின்னும் எஞ்சியவை தம்முள் பேசிக்கொள்ளும் என்று அவர் கணக்கிட்டுக் காட்டினார். செய்தியைச் சிறு துண்டுகளாக்கி, ஒவ்வொரு நிலையமும் அதைக் கையில் வைத்திராமல் அப்போது திறந்திருக்கும் வழியில் உடனே தள்ளிவிட வேண்டும் என்றார். இம்முறைக்கு அவரிட்ட பெயர் சூடான உருளைக்கிழங்கு என்பது! கையில் விழுந்ததும் சுடுகிறதன்றோ? அறிஞர்களுக்கும் நகைச்சுவை உண்டு.

பாரனின் கணக்கில் பலர் கவனிக்காது விடும் செய்தி ஒன்று உண்டு. அவர் மட்டமான, விலை மலிந்த நிலையங்களைக் கொண்டே உறுதியான வலையைக் கட்டலாம் என்றார். உறுதி என்பது தனித்தனி நிலையத்தின் வலிமையில் இல்லை. ஒன்று போனால் இன்னொன்று ஏற்கும் பின்னலில் உள்ளது. அன்றைய பெரிய தொலைபேசி நிறுவனம் இதை ஏற்கவில்லை. அவரை அறியாமலே பிரிட்டனில் டொனால்ட் டேவிஸ் என்பவர் 1965இல் இதே கருத்தை அடைந்து, செய்தித் துண்டுக்குப் பொட்டலம் என்னும் பொருள்படப் பெயரிட்டார். 1969 அக்டோபர் 29ஆம் நாள் அமெரிக்காவில் அர்ப்பாநெட் வலையில் முதற்செய்தி சென்றபோது இருவர் கருத்தும் நடைமுறைக்கு வந்தன.

கம்பியை விட்டுக் காற்றுக்கு வந்தபோது புதிய தொல்லை தோன்றியது. கம்பி தனிப்பாதை, காற்றோ பொதுப்பந்தல். பந்தலில் இருவர் ஒரே நேரத்தில் பேசினால் இரண்டு பேச்சும் கெடும். ஹவாய்ப் பல்கலைக்கழகத்தில் நார்மன் ஏப்ரம்சன் என்பார், தீவுகளுக்கிடையே கணினிச் செய்தி அனுப்ப 1971 ஜூன் மாதத்தில் அலோகா வலையைத் தொடங்கினார். யாரும் எப்போதும் பேசலாம்; மறுமொழி வாராவிட்டால் செய்தி மோதிக் கெட்டது என்று கொண்டு, சிறிது நேரம் பொறுத்து மீண்டும் பேசவேண்டும் என்பதே விதி. எளிய விதிதான். ஆனால் இவ்விதியின்படி காற்றுவெளியின் கொள்ளளவில் அதிகமாகப் போனாலும் 18.4 விழுக்காடே பயனாகும் என்று கணக்கு காட்டியது. பேச்சைத் தொடங்குவதற்குக் குறித்த நேரங்களை வகுத்தால் அது 36.8 விழுக்காடாக, அதாவது இருமடங்காக உயரும். ஆளுக்கொரு நேரம் என்னும் முறை எவ்வளவு மதிப்புடையது என்பதற்கு இது சான்று.

தேனி மாவட்டத்தில் கண்டது

மேற்கூறியவை வல்லுநர் அரங்கில் நடந்தவை. கம்பியில்லா வலை எதனால் அறுகிறது என்னும் கேள்விக்கு மிகத் தெளிவான விடை கிடைத்த இடங்களுள் ஒன்று தமிழ்நாட்டின் தேனி.

மதுரையில் டாக்டர் கோ. வேங்கடசாமி 1976இல் 11 படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை, பின்னர்த் தேனியிலும் கிளை அமைத்தது. சுற்றுப்புறச் சிற்றூர்களில் பார்வை மையங்களைத் திறந்து, அங்கு வரும் நோயாளியைத் தேனியிலுள்ள மருத்துவர் திரையில் கண்டு பேசிக் கண்ணோயை அறிய வேண்டும் என்பது திட்டம். கலிபோர்னியாவின் பெர்க்கிலிப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எரிக் புரூவர் குழுவினர், வீடுகளில் பயன்படும் சாதாரண வைஃபை கருவிகளையே நீண்ட தொலைவுக்கு ஏற்றவாறு மாற்றி, உயர்ந்த கோபுரங்களில் ஏற்றினர். ஒரு கோபுரத்திலிருந்து இன்னொன்றுக்கு 1 கிலோமீட்டர் முதல் 15 கிலோமீட்டர் வரை இருந்தது. நேரே எட்டாத இடத்துக்கு இடையில் அஞ்சல் நிலையங்கள் வைத்தனர். வானொலி நிகழ்ச்சி அஞ்சல் செய்யப்படுகிறது என்று கேட்டுப் பழகிய நமக்கு இச்சொல் புதிதன்று. தொலைவிலிருந்து வந்ததை வாங்கி அப்பால் விடுவதே அஞ்சல் நிலையத்தின் வேலை. 

முதலில் கண்ட குறை, கருவியின் பொறுமையின்மை. வைஃபை கருவி ஒரு துண்டுச் செய்தியை அனுப்பியதும் பெற்றுக்கொண்டேன் என்னும் மறுமொழிக்குக் காத்திருக்கும். ஒரு வீட்டுக்குள் அம்மறுமொழி கணத்தில் வந்துவிடும். 15 கிலோமீட்டர் போய் வர அலைக்கு ஒரு வினாடியில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு நேரம் வேண்டும். அதற்கு முன்பே கருவி, செய்தி தொலைந்தது என்று முடிவுகட்டி மீண்டும் அனுப்பத் தொடங்கிவிடும். மேலும், ஒரே கோபுரத்தில் இரண்டு மூன்று கருவிகள் இருந்தால், ஒன்று பேசும் இரைச்சலில் மற்றதன் காது அடைந்துவிடும். இதற்கு அவர்கள் கண்ட தீர்வு, நம் உழவர் கண்ட முறைப்பாசனம் போன்றது. ஒரே கால்வாயிலிருந்து இன்னார் வயலுக்கு இன்ன நாழிகை என்று முறை வைத்து நீர் பாய்ச்சுவது போல, ஒரு கோபுரத்துக் கருவிகள் எல்லாம் ஒரே நேரத்தில் பேசவும், ஒரே நேரத்தில் கேட்கவும் முறை வகுத்தனர். வைல்ட்நெட் என்று பெயரிட்டு இதனை 2007இல் வெளியிட்டனர். பழைய முறையைப்போல் இரண்டு முதல் ஐந்து மடங்கு வரை செய்தி சென்றது.

அத்தோடு கதை முடிந்திருந்தால் இது பொறியியல் வெற்றி என்று மட்டுமே எழுதப்பட்டிருக்கும். அலை நன்றாகச் சென்ற பிறகும் வலை அடிக்கடி படுத்தது. காரணத்தைத் தேடிய குழுவினர் 2008இல் எழுதிய கட்டுரை, வல்லுநர் பலரும் எழுதத் தயங்கும் உண்மைகளைக் கொண்டது. அவர்கள் அறிந்தது யாதெனின், குற்றம் பெரும்பாலும் மின்சாரத்தின்மேல் இருந்தது. 230 வோல்ட் வரவேண்டிய கம்பியில் சில வேளை 1000 வோல்ட்டைத் தொடும் எகிறல் வந்தது. சில வேளை மின்னழுத்தம் கருவி முழுதாக விழிக்கவும் போதாமல், அணையவும் போதாமல் அரைகுறையாய் இருந்தது. இந்த அரைகுறை நிலையே கொடியது. முழுதும் அணைந்த கருவி மின்சாரம் திரும்பியதும் எழுந்துவிடும். மயங்கிய கருவியோ, எரியும் விளக்கோடு எதுவும் செய்யாமல் நிற்கும். எழுதிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் போனதால் நினைவட்டைகள் கெட்டுப்போயின.

அதற்கு அவர்கள் செய்த ஏற்பாடுகள் எளியவை. மின்னழுத்தம் ஓர் அளவுக்குக் கீழே போனால் கருவியை முழுதாகத் துண்டித்துவிடும் பொறி. மயங்கிய கருவியைத் தட்டி எழுப்பும் காவற்கடிகாரம். நினைவட்டையில் தேவையின்றி எழுதாதிருத்தல். வலை படுத்தாலும் கருவியின் நிலையை அறிய, அவ்வலையைச் சாராத வேறொரு வழி. இவற்றினும் மேலாக, அமெரிக்காவிலிருந்து யாரும் வந்து கோபுரம் ஏறமுடியாது என்பதை உணர்ந்து, மருத்துவமனை ஊழியர்களையே பழக்கினர். எந்தக் கம்பி கழன்றது, எந்த விளக்கு எரியவில்லை என்று பார்த்துச் சொல்லக்கூடிய ஒருவர் அருகிலிருப்பது, விலையுயர்ந்த கருவி ஒன்றை விடப் பயன்பட்டது. இதே கட்டுரை இமயச் சாரலில் திபெத்தியர் வாழும் தரம்சாலாவின் பின்னல் வலையையும் ஆராய்கிறது. அங்கும் மின்சாரமே முதற்பகை. குரங்குகள் அலைவாங்கியில் தொங்குவது அதற்கு மேற்பட்ட தொல்லை!

வீட்டுக்குள் வந்த வலை

வீட்டுக் கருவிகளுக்கு வைஃபை பொருந்தவில்லை; மின்கலத்தை விரைவில் தின்றுவிடுகிறது. ஆகவே டென்மார்க்கின் சென்சிஸ் நிறுவனம் இசட்-வேவ் என்னும் முறையை உருவாக்கியது. ஐ.இ.இ.இ. என்னும் மின்பொறியாளர் கழகம் 2003இல் 802.15.4 என்னும் எண்ணோடு சிற்றாற்றல் அலைகளுக்கு விதி வகுத்தது. அதன்மேல் எழுந்த ஜிக்பீ முறை 2004 இறுதியில் வெளிவந்தது. வளைந்து வளைந்து ஆடிப் பூவின் திசையைத் தோழர்க்குக் காட்டும் தேனீயை நினைத்து இட்ட பெயர் அது. தேனியிலிருந்து தேனீக்கு வந்தது தற்செயல்! 2014இல் திரெட் என்னும் முறைக்கான கூட்டமைப்பும், 2022இல் பல நிறுவனக் கருவிகள் ஒரே மொழியில் பேச மேட்டர் என்னும் பொதுவிதியும் வந்தன.

இவற்றில் பாரனின் மீன்வலை உயிர் பெற்றது. ஜிக்பீயில் ஒரு கருவி தொலைவிலுள்ளதோடு பேசவேண்டுமானால், வழி தெரியுமா என்று அண்டைக் கருவிகளைக் கேட்கும். அவை தம் அண்டையைக் கேட்கும். விடை வந்த வழியே பாதையாகிவிடும். அப்பாதை அறுந்தால் மீண்டும் கேட்கும். லயத்து வீட்டைத் தட்டிய கதைதான்.

ஆனால் எல்லாக் கருவிகளும் அஞ்சல் செய்வதில்லை. இதுவே பலர் அறியாத இடம். சுவரிலுள்ள மின்சாரத்தில் ஓடும் விளக்கும் செருகியும் இரவும் பகலும் விழித்திருந்து பிறர் செய்தியை அஞ்சல் செய்யும். மின்கலத்தில் ஓடும் பொத்தானும் கதவுக் கருவியும் உறங்கும்; தமக்கு வேண்டும்போது மட்டும் விழித்து, தாய் நிலையம் ஒன்றிடம் செய்தியைத் தந்துவிட்டு மறுபடி உறங்கும். அவற்றுக்குத் தாய் ஒன்றே. அத்தாய் அணைந்தால் வேறு தாயைத் தேடவேண்டும். விரைவில் தேடிக்கொள்ளும் கருவியும் உண்டு, தேடத் தெரியாமல் திகைக்கும் மலிவான கருவியும் உண்டு. ஆகவே பொத்தான் பத்து வாங்கி மாட்டுவதால் வலை உறுதிப்படாது. விழித்திருக்கும் அஞ்சல் நிலையங்கள், இரண்டு அறைக்கு ஒன்றாவது, ஒவ்வொன்றும் மற்ற இரண்டின் எட்டுதொலைவில் இருந்தால்தான் வலை பின்னலாகும்.

இனி மலேசிய வீட்டுக்கு வருவோம். இந்நாட்டு மூன்று முனைச் செருகுவாய் ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஒரு சுவிட்சு இருக்கிறது. நம் இல்லங்களில் இரண்டு நற்பழக்கங்கள் உண்டு. படுக்கப் போகுமுன் தேவையற்ற சுவிட்சுகளை அணைப்பது ஒன்று. வானம் இடித்தால் எல்லாச் செருகிகளையும் அணைப்பது இன்னொன்று. உலகில் இடிமின்னல் மிகுந்த நாடுகளுள் மலேசியாவும் ஒன்றாதலால், பின்னது அறிவுடைய பழக்கமே. ஆனால் அந்தத் தாயார் அணைக்கும் சுவிட்சு அஞ்சல் நிலையத்தின் சுவிட்சாக இருந்தால், பொத்தானுக்கும் நடுப்பெட்டிக்கும் இடையிலுள்ள பாலத்தை அவரே தம் கையால் தூக்கிவிடுகிறார். விளக்கே அஞ்சல் நிலையமாக இருக்கும் வீட்டில் இன்னும் மோசம். விளக்கை அணைப்பவரை யார் குறை கூறமுடியும்? தேனியில் மின்வாரியக் கம்பி செய்ததை இங்கே சிக்கனமும் எச்சரிக்கையும் செய்துவிடுகின்றன.

சுவரும் பகை. மலாக்கா நகரின் பழைய தெருக்களில், 2008இல் உலக மரபுடைமையாக அறிவிக்கப்பட்ட பகுதியில், குறுகிய முகப்பும் மிக நீண்ட உட்புறமும் கொண்ட கடைவீடுகள் உள்ளன. அவற்றின் தடித்த செங்கற்சுவர்களில் அலை தளர்ந்துவிடும். நடுவேயுள்ள திறந்த முற்றம் ஓர் அருமையான அஞ்சல் இடம். முன்கட்டையும் பின்கட்டையும் அங்கிருந்து எட்டலாம். புது வரிசை வீடுகளில் மாடித்தளத்துக் கம்பிக் கற்காரையும், தண்ணீர்த் தொட்டியும், இரும்பு அலமாரியும் அலையை மறைக்கின்றன. நடுப்பெட்டியைத் தொலைக்காட்சிக்குப் பின்னே, இரும்பு அலமாரிக்குள் ஒளித்துவைப்பது அழகுக்கு நன்று, வலைக்கு நன்றன்று.

காற்றுவெளியின் நெரிசல் ஹவாயில் கண்டதே. ஜிக்பீயும் திரெட்டும் பெரும்பாலும் 2.4 கிகாஹெர்ட்ஸ் வெளியில் இயங்குகின்றன, வைஃபையும் அங்கேதான், நுண்ணலை அடுப்பின் கசிவும் அங்கேதான். வரிசை வீட்டில் இடமும் வலமும் உள்ள அண்டையார் வைஃபை சுவரைத் தாண்டி வந்துவிடும். ஜிக்பீக்கு 11 முதல் 26 வரை எண்ணிட்ட அலைத்தடங்கள் உள்ளன. வைஃபை வழக்கமாக 1, 6, 11 என்னும் தன் தடங்களில் நிற்கும். இடைவெளியில் விழும் ஜிக்பீத் தடங்கள் 15, 20, 25 ஆகியவை. கருவிகளைச் சேர்க்குமுன்பே இதைத் தேர்ந்துவிட வேண்டும். பின்னால் மாற்றினால் உறங்கும் கருவிகள் சில, ஊர் மாறியதை அறியாத உறவினர்போல் பழைய தடத்திலேயே தேடிக்கொண்டிருக்கும். இன்னொன்று: கணினியின் மூன்றாம் தலைமுறை யூ.எஸ்.பி. செருகுவாய் இதே வெளியில் இரைச்சல் எழுப்புவதை இன்டெல் நிறுவனமே 2012இல் எடுத்துக்காட்டியது. நடுப்பெட்டிக்குரிய அலைக்கருவியை அங்கே ஒட்டிச் செருகாமல், ஒரு முழ நீளக் கம்பியால் தள்ளி வைத்தல் வேண்டும்.

நடுப்பெட்டி ஒன்றே என்பது ஜிக்பீயில் எஞ்சியுள்ள சக்கரக் குடம். அது படுத்தால் பின்னலால் பயனில்லை. திரெட் முறையில் தலைமை நிலையம் அணைந்தால் மற்றொன்று தானே தலைமை ஏற்கும். வெளியுலகுக்கு வாயில்களும் ஒன்றுக்கு மேல் வைக்கலாம். எம்முறையாயினும், நடுப்பெட்டிக்கும் இணையப் பெட்டிக்கும் மின்சாரம் போனால் தாங்கும் சிறு மின்கல ஏற்பாடு வேண்டும். இடி இடித்ததும் மின்கசிவுத் தடைவிசை விழுந்து, வீடே இருளாவது இங்கே பழகிய காட்சி. கீழே விழுந்த முதியவர் பொத்தானை அமுக்கும் வேளை அதுவாகவும் இருக்கலாம். கண்ணாடியிழைக் கம்பி அறுந்தால் கைப்பேசி அலைவழியே செய்தி போகும் ஏற்பாடும் உடன் இருப்பின், டிரெசருக்கும் கிராணிக்கும் தனித்தனியே ஆள் அனுப்பியதற்கு அது ஒப்பாகும்.

சோதிப்பது எளிது. விடுமுறைக்கு ஊர் வரும் பிள்ளைகள், வீட்டிலுள்ள அஞ்சல் செருகிகளில் ஒன்றை அணைத்துச் சிறிது நேரம் பொறுத்துப் பொத்தானை அமுக்கிப் பார்க்கட்டும். பிறகு அதை ஏற்றிவிட்டு அடுத்ததை அணைத்துப் பார்க்கட்டும். எதை அணைத்தபோது செய்தி வரவில்லையோ, அங்கே இன்னொரு செருகி தேவை. செய்தி வந்துவிட்ட இடத்திலும், அந்தச் சுவிட்சின்மேல் அணைக்கவேண்டா அம்மா என்று தமிழில் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டிவிட்டுத்தான் திரும்பப் பேருந்து ஏறவேண்டும்.